ஏட்டில் ஏறாத சடக்கு

குளம் வெட்டுவதும் சாலை போடுவதும் ஒரு முறை செய்து முடிக்கும் வேலைகள். அவற்றைக் காத்து வருவதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. முன்னதைச் செய்தவர்களின் பெயர் கல்லில் நிற்கும்; பின்னதைச் செய்பவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆயினும், ஓர் ஊராட்சி நல்லாட்சியா அன்றா என்பதை மராமத்து வேலையைக் கொண்டே பெரும்பாலும் அளந்தறிய முடியும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் கூறப்படும் குடவோலை முறையைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். அந்தக் குடவோலை எதற்காகப் போடப்பட்டது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என ஆட்களைத் தேர்ந்து, 360 நாள் பணி செய்யும்படி அவர்களை அமர்த்தவே அது போடப்பட்டது. ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு குழு இருந்தது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. எது ஊருக்குப் பொது, அதைக் காப்பவர் யார், அதன் கணக்கு எங்கே என்னும் மூன்று வினாக்களுக்கும் அங்கே விடை எழுதப்பட்டிருந்தது.

இன்று அவ்விடையைக் கல்லில் எழுதுவதில்லை. கணினியில் உள்ள நிலப்படத்தில் எழுதுகிறார்கள். சாலை, வடிகால், பாலம், மதகு, தெருவிளக்கு ஆகியவற்றைப் படத்தில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எப்போது கட்டியது, எப்போது பழுது பார்த்தது, எவ்வளவு செலவாயிற்று என்பனவற்றை அந்த எண்ணோடு இணைத்து வைக்கும் முறைக்குப் புவித்தகவல் முறை என்று பெயர். அலுவலகங்களில் இதனை ஜி.ஐ.எஸ். என்பர். உலகெங்கும் ஊராட்சி மன்றங்கள் மராமத்து வேலைக்கு இதனைக் கையாளத் தொடங்கிவிட்டன. நம் சிலாங்கூர் மாநிலத்தின் வட பகுதியில், செகிஞ்சான் வயல்களையும் கோலசிலாங்கூர்த் தோட்டங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், இப்புதிய முறையின் பயனும் குறையும் ஒன்றாகவே விளங்கும். அதைச் சிறிது ஆராய்வோம்.

சங்கிலி வந்த கதை

சிலாங்கூரில் 1874-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சிமுறை ஏற்பட்டது. அதற்குப் பின் நிலத்தைப் பற்றிய எண்ணமே மாறத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் டொரன்ஸ் என்பவர் வகுத்த நிலப்பதிவு முறை, 1891-இல் ஒரு சட்டத்தின் வாயிலாகச் சிலாங்கூருக்கு வந்தது. இம்முறையில், நிலத்தின் உரிமை பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்துதான் உறுதியாகிறது. பதிவேட்டில் ஏற வேண்டுமாயின் நிலத்தை அளந்து, எல்லை கண்டு, படம் வரைந்தாக வேண்டும். ஆகவே நில அளவையாளர் ஆட்சிக்கு இன்றியமையாதவர் ஆனார்.

அக்காலத்து அளவைக்கருவி 66 அடி நீளமுள்ள சங்கிலி. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆங்கிலம் கற்ற தமிழர் பலர் இரயில்வேயிலும் மராமத்து இலாகாவிலும் அளவை இலாகாவிலும் அலுவல் பார்த்தனர். தமிழகத்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர், அளந்து குறித்த கோட்டின்மேல் மண் வெட்டிச் சல்லி பரப்பிச் சடக்குப் போட்டனர். மலாயாவின் சாலைக்கு ஏட்டு வேலை செய்தவர்களிலும் தமிழருண்டு. காட்டு வேலை செய்தவர்களிலும் தமிழருண்டு. இந்நாட்டு நிலப்படத்தின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று என்பதற்காகவே இதை இங்குக் குறிப்பிடுகிறோம்.

இந்த அளவைக் காலத்தில் வட சிலாங்கூரில் இருவகை நிலங்கள் உருவாயின. ஒன்று, அரசாங்கம் தானே முன்னின்று வகுத்த நெல் நிலம். மற்றொன்று, கம்பெனிகள் குத்தகையாகவும் சொந்தமாகவும் பெற்ற தோட்ட நிலம். இரண்டுமே கவனமாக அளக்கப்பட்டவைதாம். ஆனால் யாருக்காக அளந்தார்கள் என்பதில் இரண்டும் வேறுபட்டன. பின்னாளில் நேர்ந்தவற்றுக்கெல்லாம் அந்த வேறுபாடே காரணமாயிற்று.

காகிதத்தில் பிறந்த வயல்

கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணாமை நோக்கி ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் செல்வோர், செகிஞ்சானில் கிழக்கே திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல் வயலைக் காணலாம். அங்கே வாய்க்கால்களும் வரப்புகளும் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. தலைமுறை தலைமுறையாக உழவர் திருத்திய நிலத்தில் இந்த நேர்மை வராது; அங்கே வரப்பு வளைந்து செல்லும். செகிஞ்சான் வயல் முதலில் காகிதத்தில் பிறந்து, பிறகு சதுப்பு நிலத்தில் இறங்கியது.

நீர்ப்பாசன வடிகால் இலாகா 1932-இல் நிறுவப்பட்டது. அந்தப் பத்தாண்டுகளுக்குள்ளேயே தஞ்சோங் காராங் பாசனத் திட்ட வேலை தொடங்கியது. பின்னர் 1978-இல் உலக வங்கியின் கடனுதவியோடு வட மேற்குச் சிலாங்கூர் ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் உருவாகி, வாய்க்கால்களும் வடிகால்களும் விரிவாகச் சீரமைக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் பரப்புள்ள இத்திட்ட நிலம் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தெற்கேயுள்ள சாவா செம்படானில் தொடங்கி, சுங்கை பூரோங், செகிஞ்சான், சுங்கை லேமான், பாசிர் பாஞ்சாங், சுங்கை நீப்பா, பஞ்சாங் பெடேனா என வடக்கே பாகான் தெராப் வரை அவை நீளுகின்றன. ஒவ்வொரு பகுதியும் பல கிளை வாய்க்கால் வட்டங்களாகவும், ஒவ்வொரு வட்டமும் மூன்று ஏக்கர் அளவுள்ள மனைகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன.

இங்கே நீர் வரும் வழி கவனிக்கத்தக்கது. பேராவுக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடுகிறது பெர்ணாம் ஆறு. அதில் அமைந்த தலைமதகிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, நீரைத் தெங்கி ஆற்றுக்குத் திருப்புகிறார்கள். தெங்கி ஆற்றில் உள்ள மற்றொரு தலைமதகு அந்நீரைப் பெரிய வாய்க்காலில் விடுகிறது. அப்பெரிய வாய்க்கால் கடற்கரைக்கு இணையாகச் சென்று, வழியெல்லாம் கிளை வாய்க்கால்களுக்கு நீர் கொடுக்கிறது. அணைகட்டித் தேக்கி வைத்த நீர் இதற்கு இல்லை. ஆற்றில் ஓடும் நீரே ஆதாரம். ஆகையால், நடவு தொடங்கும் நாளில் தலைமதகுக்கு அருகிலுள்ளவன் அளவுக்கு மிஞ்சி எடுத்துக்கொண்டால் கடைமடைக்காரன் வயல் காயும். ஒரு மதகின் கதவு துருப்பிடித்து நின்றாலும், ஒரு வாய்க்காலில் புல் மண்டினாலும், பல மைல் தள்ளியுள்ள உழவன் அதன் பலனை அனுபவிப்பான்.

இத்தகைய இடத்தில் மராமத்து வேலைக்குக் கண்பார்வை மட்டும் போதாது. எந்த மதகில் என்ன குறை என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் வசதி வேண்டும். செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வழி தேடினர். தஞ்சோங் காராங் திட்டத்தை நிலப்படக் கணினி முறையில் ஏற்றி, நீர்ப்பங்கீட்டைத் திட்டமிடவும் கண்காணிக்கவும் அவர்கள் வகுத்த முறையைப் பற்றிய கட்டுரைகள் 2003-இலும் 2009-இலும் அனைத்துலக ஆராய்ச்சி ஏடுகளில் வெளிவந்தன.

அம்முறையின் கருத்து எளியது. ஒரு வட்டத்துக்கு வாய்க்கால் வழியே வந்த நீரையும் பயன்படத்தக்க மழைநீரையும் கூட்ட வேண்டும். பயிரும் வெயிலும் உறிஞ்சும் நீரையும் மண்ணில் கசியும் நீரையும் மற்றொரு புறம் கூட்ட வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எண் ஒன்றாக இருந்தால் தேவையும் வரவும் சமம். ஒன்றுக்கு மேற்பட்டால் நீர் விரயம். குறைந்தால் பயிர் வாட்டம். இந்த எண்ணை ஒவ்வொரு வட்டத்துக்கும் கணக்கிட்டு, நிலப்படத்தில் வெவ்வேறு வண்ணமாகக் காட்டுகிறது கணினி. எந்த வட்டத்தின் மதகை இன்று குறைக்க வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் புலனாகும். பழைய ஏரி வாரியத்தார் மதகின் தலையில் நின்று செய்த பங்கீட்டையே இங்கே எண்ணும் வண்ணமும் கொண்டு செய்ய முயன்றிருக்கிறார்கள்.

இது செகிஞ்சான் பக்கத்தில் ஏன் இயன்றது? கணினி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒவ்வொரு வாய்க்காலும் ஒவ்வொரு மனையும் அரசாங்க ஏட்டில் எண்ணோடு இருந்தமையால் இயன்றது. புதிய கருவி பழைய ஏட்டின்மேல் ஏறி நின்றது.

தோட்டத்துப் படம்

இனி, வயலை விட்டு உள்நாட்டுப் பக்கம் செல்வோம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007-க்கு முன் பத்தாங் பெர்ஜூந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் விரிந்துள்ளன. மலேசிய வேளாண் வரலாற்றில் இப்பகுதிக்குத் தனியிடம் உண்டு. இந்நாட்டில் வாணிக அளவில் முதன்முதலாக எண்ணெய்ப்பனை பயிரிடப்பட்டது, 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அதைப் பயிரிட்டவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயா வாழ்வைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் கொங்கூர் பரிசு பெற்றவரும் அவரே. தோட்டத்தின் பெயரோ தமிழ் மரத்தின் பெயராக ஒலிக்கிறது.

தோட்டங்களுக்கும் நிலப்படம் இருந்தது. நிலத்தைக் காடு காடாகப் பிரித்து, எண் கொடுத்து, எந்த ஆண்டு எந்தக் காட்டில் கன்று வைத்தது என்பதைக் குறித்து வைத்தார்கள். சடக்கும் வடிகாலும் லயமும் அப்படத்தில் இடம்பெற்றன. ஆனால் அந்தப் படம் கம்பெனியின் சொத்து. பால் எடுக்கவும் குலை ஏற்றவும் எவ்வளவு சடக்கு வேண்டுமோ அவ்வளவு சடக்கைக் கம்பெனி தன் செலவில் போட்டுத் தன் செலவில் காத்தது. லயத்தில் குடியிருந்த மக்களுக்கு அது ஊர்ச்சாலை. சட்டத்தின் கண்ணிலோ தனியார் நிலத்தில் உள்ள தனியார் பாதை.

ஊராட்சி வரலாறும் இப்பிரிவினைக்குத் துணை நின்றது. மலாய் ஐக்கிய மாநிலங்களில் சுகாதார வாரியங்களும் அவற்றைத் தொடர்ந்து நகர வாரியங்களும் கடைத்தெருவுள்ள பட்டணங்களைக் கவனிக்கவே ஏற்பட்டன. 1952-இன் உள்ளூர் மன்றச் சட்டம் பெரும்பாலும் புதுக்கிராமங்களுக்குப் பயன்பட்டது. தோட்டத்து மக்கள் துரையின் பொறுப்பிலேயே விடப்பட்டனர். 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் நடைமுறையை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் தமிழரான செனட்டர் ஆதி நாகப்பன் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. தேர்தல் மீண்டும் வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. ஆனால் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் மன்றங்களை மாற்றியமைத்தபோது, தேர்தலுக்கு இடம் தரவில்லை. தோட்ட வீடமைப்பைப் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் அடிப்படை வசதிப் பொறுப்பை முதலாளியின் மீதே வைத்தது.

முதலாளி நிலைத்திருந்த வரையில் இந்த ஏற்பாடு ஏதோ ஒரு வகையில் நடந்து வந்தது எனலாம். முதலாளி மாறியபோதுதான் சிக்கல் பிறந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், அதைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் நாம் அறிந்தவை. துண்டாடல் என்றால் வேலை போவது, வீடு போவது என்றே நாம் எண்ணி வந்தோம். சடக்குக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கவில்லை. ஒரே கம்பெனியின் நிலத்தில் ஓடிய சடக்கு, பத்து உரிமையாளர்களின் நிலத்தில் துண்டு துண்டாகக் கிடந்தால், குழியை அடைப்பவர் யார்? பழைய துரை போய்விட்டார். புதிய உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் தம் துண்டுக்கு வழி இருந்தால் போதும். மன்றத்தின் ஏட்டிலோ அச்சடக்கு இல்லை.

மைல் கணக்கும் பணக் கணக்கும்

மன்றத்தின் ஏட்டில் இல்லாவிட்டால் என்ன, கருணை கூர்ந்து செய்யலாகாதா என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் சட்டத்தின் நுட்பம் அடங்கியுள்ளது.

1957-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 109-ஆவது விதி, மாநிலங்களுக்குக் கூட்டரசு தரவேண்டிய மானியங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று மாநிலச் சாலை மானியம். பத்தாவது அட்டவணை இதைக் கணக்கிடும் முறையை விளக்குகிறது. ஒரு மைல் மாநிலச் சாலையைக் குறைந்த அளவு தரத்தில் காப்பதற்கு ஆகும் சராசரிச் செலவை, மானியத்துக்குத் தகுதி பெற்ற சாலைகளின் மொத்த மைல் நீளத்தால் பெருக்க வேண்டும். வருவதே மானியத் தொகை. 'தகுதி பெற்ற' என்னும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

இத்தகுதியைப் பதிவு செய்வதற்கென்றே மாரிஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பதிவுத் தகவல் முறை நடைமுறையில் உள்ளது. மாநில மராமத்து இலாகாவும் ஊராட்சி மன்றங்களும் தாம் காக்கும் சாலைகளின் பெயர், தொடக்கம், முடிவு, நீளம், அகலம், நிலப்படம் ஆகியவற்றை அதில் பதிகின்றன. பதிந்து ஏற்கப்பட்ட நீளத்துக்கே பணம் வரும். ஆகவே, பதிவான ஒவ்வொரு மைலும் ஆண்டுதோறும் பணம் கொண்டு வருகிறது. பதிவாகாத மைலுக்குச் செலவிட்டால் மன்றம் தன் கைப்பணத்தைச் செலவிட வேண்டும். அதிகாரி நல்லவராக இருப்பதாலோ கெட்டவராக இருப்பதாலோ இது மாறுவதில்லை. தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைப் போட்டால் தணிக்கையாளருக்கு விடை சொல்ல வேண்டியவரும் அவரே.

கருவி செய்வதும் செய்யாததும்

புவித்தகவல் முறை புதியதன்று. கானடாவில் 1960-களில் ரோஜர் டொம்லின்சன் என்பவர், அந்நாட்டு நிலவளத்தைக் கணக்கெடுக்கக் கணினியில் நிலப்படத்தை ஏற்றும் வேலையைத் தொடங்கினார். நம் நாட்டில் 1997-இல் நில விவரங்களை அரசாங்க இலாகாக்கள் தம்முள் பகிர்ந்துகொள்ள ஒரு தேசிய ஏற்பாடு உருவாயிற்று. பினாங்கு மாநில அரசு இதற்கெனத் தனி நிலையமே வைத்துள்ளது. மன்றங்கள் இதனைக் கையாள்வதால் விளையும் நன்மை பல. எந்தக் கல்வெட்டுப் பாலம் அடைத்தால் எந்தத் தெருவில் வெள்ளம் ஏறும் என்று முன்கூட்டியே காணலாம். ஒரே சாலையை ஓர் இலாகா செப்பனிட்ட மறுமாதம் மற்றோர் இலாகா குழாய்க்காகத் தோண்டுவதைத் தவிர்க்கலாம். குத்தகையாளர் செய்த வேலையைத் தேதியோடும் இடத்தோடும் சரிபார்க்கலாம். உத்திரமேரூர்ச் சபையார் கேட்ட கணக்கை இதன் வாயிலாக எளிதில் கேட்கலாம்.

ஆனால் இக்கருவிக்கு ஒரு குணம் உண்டு. தனக்குக் கொடுத்ததை அது மிக நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். கொடுக்காததை அது அறியாது. காகித ஏடு இருந்த காலத்தில், ஊரறிந்த ஓவர்சியர் ஒருவர் ஏட்டில் இல்லாத சடக்கையும் தம் நினைவில் வைத்திருந்து, மிஞ்சிய சல்லியில் இரண்டு லோரி அங்கே கொட்டச் சொல்லியிருக்கக் கூடும். எல்லாம் எண்ணாகிவிட்ட பின் அந்த இரண்டு லோரிக்கு இடமில்லை. ஒழுங்கு கூடக்கூட, ஒழுங்குக்கு வெளியே நிற்பவனின் நிலை கடினமாகிறது. புகார்களைப் படத்தில் குறித்து அதன்படி வேலை செய்யும் மன்றங்களிலும் இதே ஆபத்து உண்டு. அடிக்கடி புகார் செய்யும் வீடமைப்புப் பகுதி படத்தில் செக்கச்செவேலென்று தெரியும். யாரிடம் சொல்வது என்றறியாத தோட்டத்துக் குடியிருப்பு, குறையே இல்லாத இடம் போல் வெள்ளையாக இருக்கும்.

நாம் செய்ய வேண்டுவது

ஆதலின் தோட்டப்புற மக்களும் அவர்களுடைய சங்கங்களும் தம் கோரிக்கையைச் சிறிது மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். 'எங்கள் சடக்கைச் செப்பனிட்டுத் தாருங்கள்' என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்பதால் ஒரு முறை தாரும் சல்லியும் கிடைக்கலாம். அடுத்த மழைக்குப் பிறகு மீண்டும் கேட்க வேண்டும். 'எங்கள் சடக்கை ஏட்டில் ஏற்றுங்கள்' என்று கேட்பதே நிலைத்த பயன் தரும்.

அதற்கு வழியும் உண்டு. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச்சட்டம், உரிமையாளர் தம் நிலத்தின் ஒரு பகுதியை மாநில அரசாங்கத்துக்குத் திருப்பி ஒப்படைக்க இடம் தருகிறது. நில நிர்வாகி வழியுரிமை ஏற்படுத்துவதற்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. தோட்டம் விற்கப்படும்போதோ, வீட்டுமனையாக மாற்றப்படும்போதோ, பள்ளிக்கும் கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் செல்லும் சடக்கைப் பொதுவழியாக ஒப்படைக்கும்படி கேட்பதற்கு அதுவே ஏற்ற சமயம். அச்சமயம் தவறினால் பிறகு பத்து உரிமையாளர்களிடம் தனித்தனியே கேட்க வேண்டிவரும்.

கேட்பதற்கு முன் நம்மிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்தால், தம் வட்டாரத்தில் பெருஞ்சாலையிலிருந்து பள்ளி வரை எவ்வளவு தூரம், வழியில் எத்தனை பாலம், நிலம் யாருடையது என்பனவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடிக்கலாம். முன்பு சங்கிலி பிடித்து நடந்த வேலையை இன்று கைப்பேசியே செய்து கொடுக்கும். அந்தப் பட்டியலோடு மாவட்ட நில அலுவலகத்துக்கும் மன்றத்துக்கும் செல்பவரை, வெறுங்கையோடு சென்று முறையிடுபவரைப் போல் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

செகிஞ்சான் உழவனின் மூன்று ஏக்கர் நிலம் கணினிப் படத்தில் ஒரு சிறு கட்டமாகத் தெரிகிறது. அந்தக் கட்டத்துக்கு நீர் போதவில்லை என்றால் வண்ணம் மாறுகிறது. அவனுடைய பாட்டன் காலத்தில் ஓர் அளவையாளர் சதுப்பில் இறங்கிக் கோடு போட்டதன் பலன் அது. சில மைல் தள்ளி இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் நடந்து செல்லும் சடக்குக்கு அந்தக் கோடு இன்னும் போடப்படவில்லை. அதைப் போட வைப்பது நம் தலைமுறையின் கடமை.